ஆள் சேர்ப்பதும் ஆளைத் துருவுவதும்

நமது சங்க உறுப்பினர்கள் சிலர் ஒரு யோசனையை முன்வைத்துள்ளனர். கடையை விட்டு நின்றுபோகும் சிப்பந்திகளின் புகைப்படம், ஆதார் அட்டை நகல், நின்றதற்கான காரணம் ஆகியவற்றை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். புதிதாக வேலை கேட்டு வருபவரை அதில் தேடிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது அந்த யோசனை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வருகிறது. அதற்கு முன்பாக நமது கருத்தை வணிகப் பெருமக்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம்.

யோசனை சொன்னவர்கள் மீது நமக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் பட்ட பாடு அப்படி. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கல்லாவில் நம்பி உட்கார வைத்த பையன் தினமும் இருநூறு, முந்நூறு என்று எடுத்திருக்கிறான். வசூலுக்குப் போன லைன் ஆள் பாதிப் பணத்தோடு மறைந்துவிட்டார். இப்படி ஒவ்வொரு கடைக்கும் ஒரு கதை உண்டு. ஆள் எடுக்கும்போது விசாரிக்கவே கூடாது என்று சொல்கிறவர் ஒரு மாதம் கிட்டங்கி நடத்திப் பார்த்தால் தெரியும்.

விசாரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. நமது தகப்பனார் காலத்தில் விருதுநகர் பஜாரில் ஒரு பையன் வேலைக்கு வந்தால், அவனை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். "இன்னார் மகன், நான் பொறுப்பு" என்பார். அந்தப் பொறுப்பு என்ற சொல்லுக்குக் கனம் இருந்தது. பையன் தவறு செய்தால் கூட்டி வந்தவர் வந்து நிற்பார். மொத்த வியாபாரத்திலும் அப்படித்தான். புதிதாக ஒரு மளிகைக் கடைக்காரர் பத்து மூடை துவரம் பருப்பைக் கடனுக்குக் கேட்டால், அவர் ஊரில் நமக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் "ஆள் எப்படி?" என்று கேட்போம். "தாராளமாகக் கொடுக்கலாம்" என்பார்கள், அல்லது "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்தது. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் மட்டுமே தெரியும். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று நிலைமை வேறு. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் போய்விட்டார்கள். படித்தவர்கள் சென்னைக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். மூடை தூக்க பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தம்பிமார்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பொறுப்பு சொல்ல இங்கே மாமனும் இல்லை மச்சானும் இல்லை. ஆகவே விசாரணை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. எதை விசாரிக்கலாம், யாரிடம் விசாரிக்கலாம், விசாரித்ததை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு.

சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். நமது மாவட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை பார்த்தது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, உரிமம் பெற்ற இடத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. தீபாவளிச் சமயத்தில் பட்டாசுக் கடை போடும் நம் மளிகைக்காரர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மருந்து அறைக்குள் போகிறவருக்கு என்ன வயது, இதற்கு முன் அந்த வேலை தெரியுமா, பயிற்சி உண்டா என்று கேட்காமல் சேர்ப்பவர்தான் குற்றவாளி. வண்டி ஓட்ட வருபவரிடம் லைசென்ஸைப் பார்க்க வேண்டும். கல்லாவுக்கு வருபவரிடம் முன்பு எந்தக் கடை என்று கேட்க வேண்டும். இவை எல்லாம் வேலையோடு ஒட்டிய கேள்விகள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வயதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆதார் வாங்குகிறோம் என்று பலர் சொல்கிறார்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியே மேல் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் சொல்லிவிட்டது. பி.எஃப். அலுவலகமும் அதே ஆண்டு தொடக்கத்தில் பிறந்த தேதிச் சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. ஆக, எந்தக் காரணத்துக்காக வாங்குகிறோமோ அதற்கே அது உதவவில்லை. நகல் மட்டும் மேசை டிராயரில் கிடக்கிறது.

இனி கேட்கக் கூடாதவற்றுக்கு வருவோம். நகரத்துக் கம்பெனிகளைப் பார்த்து நம் ஆட்களில் சிலரும் இப்போது விண்ணப்பப் படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றை வாங்கிப் பார்த்தோம். என்ன சாதி, தகப்பனாருக்குக் கடன் உண்டா, வாடகை வீடா சொந்த வீடா, திருமணம் எப்போது, பெண்ணாக இருந்தால் குழந்தை உண்டா, இனிமேல் எப்போது என்றெல்லாம் கேள்வி. பொட்டலம் கட்ட வரும் பெண்ணிடம் இதைக் கேட்டு என்ன செய்யப் போகிறோம்?

இதே போன்ற படிவத்தால் எல்.ஐ.சி. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 1989-இல் ஒரு பெண் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். சேரும்போது கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, கர்ப்பமா, இதற்கு முன் எத்தனை முறை கருவுற்றார் என்று கேட்டிருந்தார்கள். சில மாதங்களில் அவர் பிரசவ விடுப்பு எடுத்தார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கினார்கள். தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்பது நிறுவனத்தின் வாதம். 1991-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள், தப்பு அந்தப் பெண் சொன்ன பதிலில் இல்லை, கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார்கள். அந்தக் கேள்விகள் ஒரு பெண்ணைக் கூசச் செய்பவை, அவமானப்படுத்துபவை என்று சொல்லி, படிவத்திலிருந்தே அவற்றை நீக்கச் சொன்னார்கள். அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. எதிரே நின்றது அரசின் பெரிய ஸ்தாபனம், வழக்குரைஞர்களுக்குப் பஞ்சமில்லாதது. அதற்கே அந்தக் கதி என்றால், பஜார் கடைப் படிவம் எந்த மூலைக்கு? எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தால்தான் வேலை என்று சொல்வதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது.

போலீஸ் கேஸ் உள்ளவனை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாடு காவல்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் நன்னடத்தை சரிபார்த்துத் தரும் வசதியை வைத்திருக்கிறது. பணப் பொறுப்புள்ள வேலைக்கு, வருபவருக்குச் சொல்லிவிட்டு, அதைச் செய்வதில் தவறில்லை. ஆனால் ஒரு பழைய கேஸ் இருந்தாலே ஆள் உதவாது என்று முடிவு கட்டிவிட முடியுமா? டெல்லி போலீசில் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், தன் மீது இருந்து சமரசமாகி விடுதலையான ஒரு அடிதடி வழக்கைச் சொல்லாமல் விட்டதால் வேலை மறுக்கப்பட்டார். 2011-இல் அந்த வழக்கை முடித்த நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளம் வயதில் செய்ததை ஆயுள் முழுவதும் தூக்கிக்கொண்டு திரியச் சொல்லக் கூடாது என்று கருதி, பசிக்கு ரொட்டி திருடிக் காலமெல்லாம் திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட ழான் வால்ழானை உதாரணம் காட்டினார். அந்தப் பிரெஞ்சுக் கதை நமக்கு அந்நியம் அல்ல. 1950-இல் நாகையா நடித்து வெளிவந்த 'ஏழை படும் பாடு' அதே கதைதான். அதில் துரத்திக்கொண்டே இருக்கும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்ததால்தான் சீதாராமனுக்கு ஜாவர் சீதாராமன் என்று பெயர் நிலைத்தது. கொட்டகையில் உட்கார்ந்து நாகையாவுக்காகக் கண்ணீர் விட்ட நம் பெரியவர்கள், கடைக்கு வந்த பிறகு ஜாவர் ஆகியிருப்பார்களா என்று நினைத்துப் பார்க்கிறோம். 2016-இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு இதைத் தெளிவாக்கியது. விண்ணப்பிப்பவர் பொய் சொல்லக் கூடாது, மறைக்கக் கூடாது. ஆனால் விஷயம் அற்பமானதா, எந்த வயதில் நடந்தது, என்ன வேலைக்கு வருகிறார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் முதலாளி முடிவெடுக்க வேண்டும் என்றது.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோமே. தாய்மாமன் துணிக்கடையில் வேலை பார்த்த பையன். படிப்பு பாதியில் நின்றது. கடையில் நில் என்றால் கூட்டத்துக்கு ஓடுவான். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை. 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடி, குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று காட்டினார்கள். இந்தக் குறிப்புகளோடு ஒரு காமராசர் இன்று நம் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டிருந்தால், விருதுநகரில் எந்தக் கடை அவருக்கு வேலை கொடுத்திருக்கும்?

விடுதலையானாலும் பெயர் போகாமல் நிற்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே வழக்கு உண்டு. ஒரு குற்ற வழக்கில் 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால் விடுதலை செய்யப்பட்ட ஒருவர், இணையத்தில் தன் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பே வந்து நிற்கிறது, பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்டார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. நீதிமன்றம் விடுவித்த மனிதரின் பாடே இத்தனை ஆண்டு இழுபறி என்றால், வழக்கே இல்லாமல், விசாரணையே இல்லாமல், ஒரு முதலாளியின் கோபத்தில் பரவிய படத்தை யார் அழிப்பது?

இது கற்பனைப் பயம் அல்ல. நமக்குத் தெரிந்த ஒரு ஊரில் (ஊரும் வேண்டாம், கடையும் வேண்டாம்) சீரகம் ஒரு மூடை குறைகிறது என்று ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே அவன் படம் நான்கைந்து குழுக்களில் போய்விட்டது, கீழே "திருடன், ஜாக்கிரதை" என்று. ஒன்பது நாள் கழித்துக் கணக்கு ஒத்துப் பார்த்தபோது, அந்த மூடை வேறு ஒரு கடையின் சரக்கோடு லாரியில் ஏறிப்போனது தெரிந்தது. சரக்கு திரும்ப வந்துவிட்டது. பையனுக்கு மூன்று ஊரில் வேலை கிடைக்கவில்லை. அவன் தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் தள்ளிப்போனது. "தவறுதலாகப் போட்டுவிட்டோம்" என்று அந்தக் கடைக்காரர் போட்ட செய்தியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. முதலில் போட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வணிகர்கள் அறிந்திருப்பது நல்லது. தனிநபர் எண்ணியல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதலாளிகள், நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டில் பேனாவால் எழுதி வைத்தது இந்தச் சட்டத்தில் வராது. அதையே செல்போனில் படம் எடுத்தால் வந்துவிடும். வேலை நிமித்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும் தொழிலாளியின் விவரங்களைப் பயன்படுத்த 7-ஆம் பிரிவில் இடம் உண்டு. அதைக் காட்டித்தான் நண்பர் ஒருவர் நம்மிடம் வாதாடினார். தன் சிப்பந்தியின் விவரத்தைத் தன் கடை வேலைக்காக வைத்துக்கொள்வது வேறு, இருநூறு கடைக்காரர்களின் போனில் ஏற்றிவிடுவது வேறு என்றே நாம் அதைப் படிக்கிறோம். விவரங்களைப் பத்திரமாகக் காக்கத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. நம் கடைக்கு அவ்வளவு போடமாட்டார்கள் என்று சிரிக்கலாம். "திருடன்" என்று ஆதாரமில்லாமல் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரும். அதற்கு நம் கடை போதும்.

ஆதாரைப் பொறுத்தமட்டில், தனியார் கம்பெனிகள் அதைக் கட்டாயமாகக் கேட்க வழி செய்த பகுதியை 2018 செப்டம்பர் 26-ஆம் நாளே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவுக்கு எண் வேண்டியிருக்கிறது. அது வேறு விஷயம். பதிவுக்கு எண்ணைக் கொடுத்த பிறகு நகலைக் கடையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடையாளம் தெரிந்தால் போதும் என்றால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை அரசே தருகிறது.

நமக்கு ஒன்று புரியவில்லை. ஜி.எஸ்.டி. அதிகாரி கடைக்குள் வந்து டிராயரைத் திறந்தால் நமக்கு எப்படி இருக்கிறது? கணக்கைக் கேள், கொடுக்கிறோம். வீட்டு பீரோ சாவியை எதற்குக் கேட்கிறாய் என்று சண்டை போடுகிறோமா இல்லையா? அந்தரங்க உரிமை என்ற பேச்சே இந்த நாட்டில் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் இருந்துதான் தொடங்கியது. டால்மியா நிறுவனங்களில் சோதனை போட்டு ஆவணங்களை எடுத்துப் போனதை எதிர்த்த வழக்கில், அப்படி ஓர் உரிமையை நம் அரசியல் சட்டத்தில் காண முடியவில்லை என்று 1954-இல் எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை மாற்றி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்தத் தீர்ப்பு முதலாளிக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை.

கடன் விஷயத்தில் பாருங்கள். நாம் வாங்கிய வங்கிக் கடன் பற்றி சிபிலில் என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் ரிசர்வ் வங்கியும் நமக்குக் கொடுத்த வசதி அது. நம்மைப் பற்றி எழுதியதைப் பார்க்கும் உரிமை நமக்கு வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மூடை தூக்கும் தம்பி பார்க்க முடியாது, ஏனென்றால் அவன் அந்தக் குழுவிலேயே இல்லை. விருதுநகர் மார்க்கெட்டின் வத்தல், மல்லி, உளுந்து விலை பத்திரிகையில் வருகிறது, ஊரே பார்க்கிறது, அது பொதுச் செய்தி. ஒரு குடும்பத்தின் கஷ்டம் மார்க்கெட் நிலவரம் அல்லவே.

வேறு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, நாம் நமது கடையில் செய்வதைச் சொல்கிறோம். வருபவரிடமே முதலில் கேட்கிறோம். முன்பு வேலை பார்த்த கடையின் பெயரைச் சொன்னால், "அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா?" என்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டுப் போன் செய்கிறோம். எத்தனை நாள் இருந்தார், பணத்தில் நாணயம் எப்படி, இவ்வளவுதான் கேள்வி. எதற்காக நின்றார் என்பதை அவர் வாயாலும் கேட்கிறோம். பல சமயம் இரண்டு கதையும் ஒத்துப்போவதில்லை. சில சமயம் அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்திருக்கிறது. அட்டையைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முதல் மூன்று மாதம் கல்லாப் பக்கம் விடுவதில்லை. முன்பணத்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறோம். மாலையில் இருப்பு ஒத்துப் பார்க்கிறோம். திருடு போனால் போலீசில் எழுதிக் கொடுக்கிறோம். அங்கே அவனும் பதில் சொல்ல இடம் உண்டு. இதில் நமக்கு நஷ்டமே வந்ததில்லை என்று சொல்லமாட்டோம். வந்திருக்கிறது, தாங்கிக்கொள்ளும் அளவுக்கு.

நிர்வாகக் குழுவில் இந்தப் பொருள் வரும்போது வேண்டாம் என்று எழுத்து மூலமாகக் கொடுக்க இருக்கிறோம். அதோடு ஒரு கோரிக்கையும் வைக்கிறோம்: குழுவில் ஏற்கனவே போடப்பட்டிருக்கும் சிப்பந்திகளின் படங்களையும் அட்டை நகல்களையும் கூட்டத்துக்கு முன்பே போட்டவர்களே எடுத்துவிட வேண்டும். நம் கண்ணில் பட்டவை மட்டும் பதினொன்று. அதில் ஒரு பெண்ணின் வீட்டு முகவரி தெளிவாகத் தெரிகிறது. அதை இன்றே எடுத்துவிடும்படி போட்ட நண்பரைக் கேட்டுக்கொள்கிறோம்.